நாலாவது மாடிக்கு ஒரு மூட்டை

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஓடுகிறது. ஆஸ்பத்திரி லிஃப்ட், வங்கி லிஃப்ட், துணிக்கடையில் கண்ணாடிச் சுவரோடு பளபளவென்று மேலே போகிற லிஃப்ட், எல்லாமே அவர் காது வைத்துக் கேட்டு "சரி, போகலாம்" என்று சொன்ன பிறகுதான் ஆள் ஏற்றும். அப்பேர்ப்பட்ட மனுஷன் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. சிரிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த நாலு மாடியையும் அவர் எப்படி ஏறினார் என்பது முழுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அவர் மனைவி. அவளும் யாரையும் லேசில் பாராட்டிவிடுகிறவள் இல்லை.

அவளுக்கு நடக்க வராது. கல்யாணமான சில வருஷங்களில் பஸ் ஒன்று கவிழ்ந்து, முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே எல்லாம் அடங்கிப் போய்விட்டது. அழுதாள், சாமான்களை விட்டெறிந்தாள், வீட்டுக்கு வந்து பரிதாபப்பட்டவர்களை எல்லாம் கிண்டல் பண்ணியே துரத்தினாள். அப்புறம் ஒரு நாள் "எனக்கு வேலை வேணும்" என்றாள். மூன்று தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஃப்ரேமுக்குத் தகுந்த மாதிரி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, உள்ளே பொருத்தி, திருகு முடுக்கிக் கொடுக்கிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். அவள் விரலுக்கு அது அமர்க்களமாகப் படிந்துவிட்டது. கண்ணாடியை முதன்முதலாக மாட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருப்பதைப் படித்துவிட்டு, "அட!" என்று வாயைப் பிளக்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கே அவள் வேலைக்குப் போனாள் என்று சொல்லலாம்.

போவது எப்படி? அவர் முதுகில்தான். காலையில் கட்டில் ஓரத்தில் அவர் முதுகைக் காட்டிக் குந்துவார். அவள் கழுத்தைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார். கீழே ஜெராக்ஸ் கடையில் அவளுடைய சக்கர நாற்காலி நிற்கும். அதில் உட்கார்ந்து மூன்று தெருவையும் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு போய்விடுவாள். சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வந்து மேலே. வருஷக்கணக்காக இப்படித்தான். முதுகில் உட்கார்ந்துகொண்டே சண்டை வேறு போடுவாள். அவரால் திரும்பி முறைக்கக்கூட முடியாது. ஆகவே சண்டையில் ஜெயிப்பது எப்போதும் அவள்தான்.

கீழ்த்தளத்தில் வீடு பார்க்காமல் இல்லை. அந்தப் பகுதியில் கீழ்த்தளம் முழுக்கக் கடையும் கிடங்கும்தான். கிடைத்த ஒன்றிரண்டு வீடுகளும் கடையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தன. அதனால் நாலாவது மாடியே நிலைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் அவருக்கு நிமோனியா வந்தது. ஐம்பது தாண்டிய உடம்பு. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி என்று புரட்டி எடுத்துவிட்டுப் போயிற்று. தேறி வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. அவரோடு சேர்ந்து அவளும் வீட்டிலேயே கிடந்தாள். உள்ளே நகர்வதற்கு ஒரு உருளை நாற்காலி இருந்தது. சமையலறை, சன்னல், கட்டில், அவ்வளவுதான் உலகம்.

அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் இறக்கம் எப்படியோ ஆகிவிட்டது. சாயங்காலம் ஏறும்போது, இரண்டாவது மாடி தாண்டியதும் அவர் மூச்சு கரகரவென்று மாறியதை அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள். "நில்லுங்க, போதும், நில்லுங்க" என்றாள். அவர் நிற்கவில்லை. நாலு படி ஏறினார், கால் வெடவெடத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார், அவளும் முதுகோடு. மூன்றாவது மாடி டீச்சரும் டீச்சரின் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உயிரோட இருக்கும்போதே நாலு பேர் தூக்கிட்டாங்க, பாத்தீங்களா" என்று அன்றைக்கு அவரிடம் சொன்னாள். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

டீச்சர் நல்ல மனசுக்காரி. "தினமும் நாங்க தூக்கிட்டுப் போறோம், இதுல என்ன?" என்றாள். ஒரு நாள் தூக்குவார்கள், ஒரு வாரம் தூக்குவார்கள். அதற்குமேல் யார் வீட்டுக் கதவு எப்போது திறக்கும் என்று காத்துக் கிடக்க அவளால் ஆகாது. வேண்டாம் என்றுவிட்டாள். கண்ணாடிக் கடைக்கார அக்கா போனில் கூப்பிட்டாள். "உன் இடத்த அப்படியே வச்சிருக்கேம்மா. ஆனா எனக்கும் கை வேணுமில்ல? ஸ்கூல் திறக்கிற நேரம் வரைக்கும் எப்படியாவது சமாளிக்கிறேன். அப்ப கூட்டம் பிச்சுக்கும். அதுக்குள்ள நீ வரலைன்னா வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும். தப்பா நெனைக்காதே."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அக்கா சொன்னது நியாயம். பள்ளி திறப்பதற்குள் அவர் முதுகு தேறினால் அவளுக்கு வெளியுலகம் உண்டு, தேறாவிட்டால் சன்னல்தான். இரண்டு பேருக்கும் இது தெரியும். அதனாலேயே அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, "நுரையீரல் சுத்தமா இருக்கு. உடம்புலதான் வலு இல்லை. கொஞ்சம் கொஞ்சமா எக்ஸர்சைஸ் பண்ணுங்க, வலு தானா வரும்" என்றார். சொல்வது சுலபம். மறுநாளே நம்மாள் ஜிம்மில் சேர்ந்தார். புது ஷூ, முட்டி வரைக்கும் ஒரு டவுசர், தண்ணீர் குடிக்க ஒரு பாட்டில். அங்கே மாஸ்டர் பாட்டை அலறவிட்டு, "கமான் சார், கமான்!" என்று கத்தினாராம். இவருக்கு அந்தப் பாட்டுக்கு இடுப்பும் வளையவில்லை, மனசும் வளையவில்லை. அந்த வாரம் போனார். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் தலைவலி. அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்.

"உங்களுக்கு ஓய்வு கிடைக்குதோ இல்லையோ, அந்த ஷூ நல்லா ஓய்வெடுக்குது" என்றாள் அவள். நாக்கு அப்படி. ஆனால் உள்ளுக்குள் திகீர் என்று இருந்தது. ஆரம்ப சூரத்தனம் என்பது எல்லோருக்கும் உள்ளதுதான், மற்றவர்களுக்கு அதனால் தொப்பை வரும், அவ்வளவே. இங்கே அப்படியா?

அப்படி இருக்கையில் ஒரு நாள், ஏதோ ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று அழைப்பு வந்தது. அவர்தான் போய் இறக்கிவிட்டார். பார்த்தால் பல மாதமாக அங்கே சர்வீஸே நடக்கவில்லை. ஒவ்வொரு தடவை கம்பெனி ஆள் போகும்போதும் கட்டட மேனேஜர், "நல்லாத்தானே ஓடுது, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இவருக்கு வந்ததே கோபம். "நல்லா ஓடுதா, மோசமா ஓடுதா, உங்களுக்குப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா, இதெல்லாம் எவன் கேட்டான்? தேதி வந்தா சர்வீஸ். அவ்வளவுதான்!" என்று அந்த ஆளை நிற்க வைத்துத் திட்டிவிட்டு வந்தார். வந்தவர் வீட்டுப் படியில் இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றார். நின்றவருக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்திருக்கிறது.

மேலே வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளிடம் இதைச் சொன்னார். "திட்டினது அந்த ஆளை. ஆனா வாங்கிக் கட்டிக்கிட்டது நான்."

"சரி, அதுக்கு?"

"நாளையிலேர்ந்து சர்வீஸ்."

அவள் நம்பவில்லை. யார் நம்புவார்கள்?

லிஃப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகப் போட்ட லிஃப்ட்டில் எடுத்த எடுப்பில் ஆளை ஏற்ற மாட்டார்கள். முதலில் இரும்புக் கட்டிகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார்கள். அது தாங்க வேண்டிய பளு எவ்வளவோ அவ்வளவும், அதற்குமேல் கால் பங்கும் ஏற்றி, அதையும் அது அசராமல் தூக்கினால்தான் மனுஷன் உள்ளே காலை வைக்கலாம். அவர் தன் உடம்புக்கும் அதே சட்டத்தைப் போட்டார். பழைய கேன்வாஸ் பை ஒன்றை எடுத்து, கருவிப் பெட்டியின் பெல்ட்டுகளைப் பிய்த்து அதில் தைத்து, முதுகோடு இறுக்கிக் கட்டுகிற மாதிரி ஒரு மூட்டை செய்தார். உள்ளே மணல். முதலில் ஒரு பிடி என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு குழந்தையின் எடைகூட இருக்காது. கீழே இறங்கி மேலே வருவார். அது பழகியதும் இன்னும் கொஞ்சம் மணல்.

"உன் எடையும் அதுக்கு மேல கால் பங்கும் தூக்கிட்டு நிக்காம ஏறி வந்தாத்தான் உன்னைத் தொடுவேன்" என்றார்.

"அதுக்குள்ள நான் வீட்டுல உக்காந்து ஊதிப் போயிட்டேன்னா?"

"அதுக்குத்தான் அந்தக் கால் பங்கு."

இப்படியாக ஆரம்பித்தது. அவள் கட்டிலில் கிடந்தபடி காதால்தான் பார்த்தாள். கதவு சாத்துகிற சத்தம். இறங்குகிற காலடி சுருங்கிக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு அடியிலிருந்து தம், தம் என்று ஏறி வரும். முதல் வாரங்களில் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அந்தச் சத்தம் நின்றது. நிற்கும்போதெல்லாம் அவள் மூச்சும் நின்றது. இந்த மனுஷன் படியில் விழுந்து கிடந்தால் எழுந்து போய்ப் பார்க்கக்கூடத் தன்னால் முடியாதே என்று மனசு அடித்துக்கொள்ளும். தம் என்று மறுபடி கேட்டால்தான் உயிர் வரும். இதையெல்லாம் அவரிடம் சொல்வாளா? "வந்துட்டீங்களா? டீ ஆறுது" என்பாள்.

கட்டடத்தில் பேச்சுக் கிளம்பியது. இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். "என்னப்பா, தினமும் வீடு மாத்துறியே, எப்பதான் சாமான் தீரும்?" என்பார். இவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். வரவர "மூட்டைக்காரர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலை பார்க்கிற இடத்தில் நடந்தது இன்னும் கூத்து. படியேறுவது உடம்புக்குப் பழகட்டும் என்று, சர்வீஸுக்குப் போகிற கட்டடங்களிலும் அவர் படியில் ஏற ஆரம்பித்தார். லிஃப்ட் மெக்கானிக், கையில் பெட்டி, லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் போகிறார். பார்க்கிற ஜனம் என்ன நினைக்கும்? "ஐயையோ, லிஃப்ட் ரிப்பேர்!" என்று அத்தனை பேரும் அவர் பின்னாலேயே படியேறினார்கள். காய்கறிப் பையோடு, கைக்குழந்தையோடு, முனகிக்கொண்டே ஏறினார்கள். ஒருத்தராவது பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டுமே! லிஃப்ட் பாட்டுக்குக் கீழே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றது. அந்தக் கட்டடத்திலிருந்து கம்பெனிக்குப் புகார் மேல் புகார். கம்பெனி மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

"ஏன்யா, நீயே படியில போனா நம்ம லிஃப்ட்டுல எவன்யா ஏறுவான்?"

அவர் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் முழுக்கக் கேட்டார். அப்புறம், "போ. ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு தடவை லிஃப்ட்டுல போய்க் காட்டிட்டுப் போ" என்றார்.

இதை அவர் வீட்டில் வந்து நடித்துக் காட்டியபோது அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெகுநாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

நாளாக ஆக அவளுக்குச் சிரிப்பைவிட வியப்புத்தான் அதிகமாயிற்று. மழை அடித்துப் படியெல்லாம் ஈரமாகக் கிடந்த அன்றைக்கு, பாதி மூட்டையோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வந்தார். ஏதோ அற்பக் காரணத்துக்கு இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கோபமெல்லாம் அவள்மேல்தான், மூட்டை மேல் இல்லை போலிருக்கிறது. உடம்பு சரியில்லாத அன்று மூட்டையை வைத்துவிட்டு வெறுங்கையோடு ஒரே ஒரு மாடி இறங்கி ஏறினார். "இதுக்குப் பேர் எக்ஸர்சைஸா?" என்று கேட்டாள். "பட்டனை அழுத்திப் பாத்தேன், வேலை செய்யுது" என்றார்.

ஒரு தடவை ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ரோப் மாற்றுகிற பெரிய வேலை. போனவர் மறுநாள்தான் திரும்பினார், வந்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டார். அன்றைக்கு மூட்டை அசையவில்லை. அவளுக்குக் கவலை. ஜிம்மை விட்டதும் இப்படித்தானே, ஒரு நாளில்தானே ஆரம்பித்தது? மறுநாள் காலையில் அவர் எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மூட்டையைக் கட்டினார்.

"நேத்து விட்டதுக்கும் சேத்து இன்னிக்கு ரெண்டு மடங்கா?" என்று சீண்டினாள்.

"விட்டது விட்டதுதான். சேத்து வச்சு ரெண்டு தடவை ஆயில் போட்டா எல்லாம் வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விட்டதற்காகப் புலம்பவும் இல்லை, வீறாப்பாக ஈடுகட்டவும் இல்லை. அவள் தன் வாழ்நாளில் பார்த்த வீரத்துக்கெல்லாம் மேலாக இது அவளுக்குப் பட்டது. இவ்வளவு வருஷம் கூடவே இருந்தும் இந்த ஆளைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

காலடிச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. மூன்று திருப்பத்தில் நின்றது, அப்புறம் இரண்டில் நின்றது, ஒன்றில் நின்றது. ஒரு காலையில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறாள், சத்தம் கீழே கிளம்பியது, எங்கேயும் நிற்காமல், தாளம் தவறாமல், நேரே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் உள்ளே வந்து மூட்டையைக் கழற்றித் தரையில் வைத்தார். தரை அதிர்ந்தது. அவள் எடையும், மேலே கால் பங்கும். பள்ளி திறக்க இன்னும் சில வாரங்கள் இருந்தன.

"நாளைக்கு நீ" என்றார்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீரோவிலிருந்து எந்தப் புடவையை எடுப்பது என்று பட்டிமன்றமே நடத்தினாள். காலையில் அவர் குந்தினார். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் எழுந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் எழும்போது ஒரு முக்கல் வரும். அது இல்லை. பூப்போலத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். மூன்றாவது மாடியில் டீச்சர் கதவைத் திறந்து கை தட்டினாள். போஸ்ட்மாஸ்டர்கூடப் பேப்பரை மடக்கினார்.

இரண்டாவது மாடி தாண்டும்போது அவளுடைய தோள்பட்டையில் ஏதோ நடுங்க ஆரம்பித்தது. முதலில் சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று நினைத்தாள். விரல் கோத்த இடம் தளர்ந்தது. இறுக்கிப் பிடித்தாள். மறுபடி தளர்ந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் கை விட்டுப்போய், அவள் உடம்பு மேல்பாதி பின்பக்கமாகச் சாய்ந்தது. அவள் காலை அவர் விடவில்லை. ஒரு திருப்புத் திரும்பி, அவளைச் சுவரோடு சேர்த்துத் தன் முதுகாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு முழங்கை சிராய்த்தது, அதோடு போயிற்று. ஒரு நொடி தப்பியிருந்தால் தலை படியில்.

அவளை மெதுவாகப் படியில் உட்கார வைத்தார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "எனக்கு மூச்சு வாங்கலையே? கால் ஆடலையே? எங்க தப்புப் பண்ணேன்?" என்று கையைப் பிசைந்தார்.

"நீங்க இல்லைங்க" என்றாள். "நான்தான். என் கை நிக்கலை."

அப்போதுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. அவர் கட்டித் தூக்கியது மூட்டை. பெல்ட் போட்டு இறுக்கிய மூட்டை எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. மனுஷி பிடித்துக்கொள்ள வேண்டும். தினமும் மூன்று தெரு நாற்காலியைத் தள்ளிய கை அது, அந்த வேலை நின்று மாதக்கணக்காகிவிட்டது. ஆளை ஏற்றுவதற்கு முன் எடையை ஏற்றிப் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிறவருக்கு, இந்த எடைக்குக் கை இரண்டு உண்டு என்பது கணக்கில் வரவில்லை. மாதக்கணக்காக அவர் காலடியைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவளுக்கும் வரவில்லை.

திரும்ப மேலே போக வேண்டுமே. அவர் குனிந்து, அவளை முன்பக்கமாக, குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தினார். அப்படி அவர் தூக்கியதே இல்லை. தூக்கியிருந்தால் பழைய உடம்புக்கே ஒரு மாடி தாங்காது. படி படியாக ஏறினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள். முதுகில் போகிறவளுக்கு இதுநாள் வரை தெரிந்தது அவர் பிடரி மட்டும்தான். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது, உதடு இறுகியிருந்தது, கண் மட்டும் அடுத்த படியைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எங்கேயும் நிற்கவில்லை. கட்டிலில் இறக்கிவிட்டார். எப்பேர்ப்பட்ட காரியம் தன் கண்ணில் படாமல் நடந்திருக்கிறது என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கும்போது இப்படி ஏந்த முடியாது, காலடியில் படி தெரியாது. ஆகவே பெல்ட் போட்டு உன்னையும் முதுகோடு கட்டிவிடுகிறேன் என்றார்.

"நான் என்ன மூட்டையா?" என்று சீறினாள்.

"கேளு. ரோப் எவ்வளவு கெட்டியா இருந்தாலும், அறுந்தா புடிக்கிறதுக்குன்னு அடியில தனியா ஒண்ணு வச்சிருப்போம். அது இருக்குன்னு யாரும் ரோப்பைப் பழசா விட மாட்டோம்."

யோசித்தாள். "சரி, பெல்ட் இருக்கட்டும். ஆனா நான் அதுல தொங்க மாட்டேன்."

மறுநாளிலிருந்து அவளும் ஆரம்பித்தாள். தண்ணீர் நிரப்பிய பாட்டில் இரண்டு கையிலும். தூக்கி, இறக்கி, தூக்கி. நிலைப்படிக்குக் குறுக்கே அவர் ஒரு குழாயைப் பொருத்திக் கொடுத்தார், நாற்காலியை அடியில் நகர்த்தி அதைப் பிடித்துத் தொங்க வேண்டும். முதல் நாள் உற்சாகமாகப் போயிற்று. இரண்டாம் நாள் தலை வாரக் கை எழும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண் விழித்ததுமே, "இன்னிக்கு வேண்டாம்" என்று மனசு தீர்மானமாகச் சொல்லிவிட்டது. எவ்வளவு இதமாகச் சொல்லிற்று தெரியுமா! கை வலிக்கிறது, நாளைக்கு நன்றாகச் செய்யலாம், ஒரு நாளில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று தாய் மாதிரி தட்டிக்கொடுத்தது. அவளும் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து தம், தம் என்று ஏறி வந்தது.

அவள் அந்தச் சத்தத்தை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் அதன் விலை தெரிந்தது. அவர் வந்ததும் கேட்டாள். "உங்களுக்கு ஒரு நாளாவது இது வேண்டாம்னு தோணியிருக்கா?"

"ஒரு நாளா? தினமும் தோணும்."

"தினமுமா?"

"இன்னிக்கும் தோணுச்சு. இதோ, கிளம்பறதுக்குக் கதவைத் திறக்கும்போதுகூட."

இவருக்கு ஏதோ பிடிவாதம் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது, நமக்கு அது இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லையாம். அவளுக்கு வருகிற அதே சலிப்பு அவருக்கும் தினமும் வந்திருக்கிறது, அதையும் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். படியேறுகிறவனைப் பார்த்து வியப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கதவைத் திறந்ததை நினைத்துத்தான் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நகர்ந்து போய்ப் பாட்டிலை எடுத்தாள்.

பள்ளி திறந்த வாரம் அவர்கள் இறங்கினார்கள். பெல்ட் தளர்வாகவே கிடந்தது. அவள் கை கோத்த இடம் கடைசிப் படிவரை நெகிழவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் சக்கர நாற்காலியைத் துடைத்து, காற்றடித்து வைத்திருந்தார். மூன்று தெருவையும் அவளே தள்ளிக்கொண்டு போனாள். வெயில் முகத்தில் சுளீரென்று அடித்தது, மோட்டார் சைக்கிள்காரன் ஒருத்தன் ஓரமாகப் போகச் சொல்லிக் கத்தினான், அவள் பதிலுக்குக் கத்தினாள். கடையில் அக்கா அவள் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு ஒரு தட்டு நிறைய லென்ஸைக் கொண்டு வந்து வைத்தாள். மத்தியானம் ஒரு சின்னப் பெண் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அம்மா, உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கு!" என்று கூவினாள். சாயங்காலம் அதே முதுகில் நாலு மாடியும் ஏறி வீட்டுக்கு வந்தாள். வழியில் ஒரு சண்டையும் போட்டாள், ஜெயித்தாள்.

மறுநாள் ஞாயிறு. கடை விடுமுறை. காலையில் அவள் கண் விழித்தபோது அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எதுக்குங்க அது? அதான் நான் வேலைக்குப் போயாச்சே."

அவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார். "நீ இன்னும் எத்தனை வருஷம் வேலைக்குப் போகலாம்னு இருக்கே?"

பள்ளி திறக்கிற வாரத்தைத் தாண்டி அவள் எதையும் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் நினைத்திருக்கிறார். அவர் வயதையும் அவள் வயதையும் கூட்டிப் பார்த்திருப்பார், எதிரே கிடக்கிற அத்தனை காலைகளையும் பார்த்திருப்பார், பார்த்துவிட்டுத்தான் பெல்ட்டை இறுக்குகிறார். அவள் கண் நிறைந்துவிட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. காலடி இறங்கிப் போயிற்று, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு ஏறி வந்தது. கதவு திறந்தது.

"சாகற வரைக்கும்" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி கீழே இறங்கினார்.